டெல் எழுதாத கடிதம்

“உங்க கால் வலி ராணுவத்துல வந்ததுன்னு ஒரு காகிதம்கூட இல்லையே சார்.”

முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்தில் அதிகாரி கோரா மறுபடியும் கோப்பைப் புரட்டினாள்.

“அப்பவே டாக்டர்கிட்ட காட்டலையா?”

“காட்டினா மத்தவங்களோட மலைக்கு அனுப்ப மாட்டாங்க மேடம். யாருமே காட்ட மாட்டோம்,” என்றான் வெர்லின்.

“பெரிய வீரன்,” என்றாள் அவன் மனைவி நடீன். “இப்ப கிடங்குல பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து, வீட்டுப் படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுறான்.”

“கூட இருந்தவர் யாராவது, பார்த்ததை எழுதிக் கொடுத்தா போதும். ஊனம் இத்தனை சதவீதம்னு போட்டுட்டா, உட்கார்ந்து செய்யுற வேலை கேட்கலாம். ஆனா இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி.”

“டெல் இருக்கானே. ரெண்டு பேரும் ஒரே கூடாரம். முழங்காலுக்கு நாற்பது சதவீத ஊனம்னு மாசாமாசம் பணம் வாங்கிட்டு ஏரிக்கரையில தூண்டில் போடுறான். நமக்கு ஒரு பக்கம் எழுத மட்டும் கை வலிக்குது அவனுக்கு.”

“அவனை விடு, நடீன்.”

“ஏன் விடணும்? ஏரித் திருப்பம் வந்தா தினமும் வண்டியை மெதுவாக்குறே. அவன் ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டானா?”

வெர்லின் எழுந்துகொண்டான்.

வண்டியில் ஏறியதும் முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வலி மாத்திரைக்காக நடீன் வண்டியின் முன்பக்கச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். மாத்திரைக்கு அடியில் ஒரு கடிதம். பிரித்துப் பிரித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. டெல்லின் கையெழுத்து.

‘மலையில் பதினோரு நாள் என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவன் வெர்லின். அவன் கால் கெட்டது அதனால்தான். என் முழங்கால் படையில் உடைந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடி உடைந்தது. மறைத்துத்தான் சேர்ந்தேன்.’

நடீன் இரண்டு தடவை படித்தாள்.

“இதைக் கொடுத்தா அவனுக்குக் கொடுத்ததைப் பிடுங்கிடுவாங்களா?”

“ஆமா.”

“மணி நாலரைதான் ஆகுது, வெர்லின்.”

“தெரியும்.”

வண்டியைக் கிளப்பினான். ஏரித் திருப்பம் வந்தது. வழக்கம்போல மெதுவாக்கினான். தூரத்தில், தண்ணீரை ஒட்டி, யாரோ ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது.

வண்டி திரும்பவில்லை. நேரே வீட்டுப் பக்கம் போனது.

நடீன் கடிதத்தைக் கிழியாமல் மடித்தாள். அடியில் பென்சிலால் எழுதியிருந்த வரி அப்போதுதான் கண்ணில் பட்டது.

‘டேய், எனக்குப் போனா போகட்டும். இதைக் கொடுத்துட்டு ஏரிக்கு வா. கொடுக்காம வந்தா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.’