கொலையே விழாத வருஷம்

“இந்த வருஷம் நாம படிச்சது அத்தனையும் மர்ம நாவல். மொத்தம் எத்தனை கொலைம்மா விழுந்துச்சு?”

மாமனார் சாதாரணமாகத்தான் கேட்டார். புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றுவிட்டது. அவருக்குப் பார்வை போய்ச் சில வருஷங்களாகின்றன. ஆனால் கை நிற்பது காதுக்கே தெரியும்.

வருஷத்தின் கடைசி மாலை. படித்து முடித்ததையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு எதெது என்று பேசி முடிவு செய்வது இந்த வீட்டு வழக்கம். அவருடைய மகன் பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்து வைத்தது.

“கொலையா? ஒண்ணும் ஞாபகம் இல்லையே மாமா.”

“எப்படி இருக்கும்? ஒண்ணுகூட விழலையே!”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

லாரி ஓட்டிய காலத்தில், சரக்கு இறக்கக் காத்துக் கிடந்த பொழுதெல்லாம், ஸ்டியரிங் மேல் விரித்து வைத்து இதே நாவல்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். எந்த அத்தியாயத்தில் எவன் கழுத்தில் கத்தி இறங்கும் என்பது அத்துப்படி.

அது அவளுக்குத் தெரியாது.

முதலில் வந்த நாவலில் மில் முதலாளி இரண்டாம் அத்தியாயத்திலேயே பிணமாகக் கிடக்க வேண்டும். அவள் வாசித்தபோது முதலாளிக்கு லேசான மயக்கம்தான். போலீஸ் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். முதலாளியின் கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டதாம். ஒரு கடிகாரத்தைத் தேடியே மிச்ச நாவலை மூச்சு வாங்க இழுத்துக்கொண்டுபோய் முடித்தாள்.

கோடையில் ஒருத்தியை மொட்டைமாடியிலிருந்து தள்ளினார்கள். கீழே மெத்தை ஏற்றிய வண்டி நின்றது. மழைக்காலத்தில் விஷம் வைத்த பாலைப் பூனை தட்டிவிட்டது. நக்கிப் பார்த்த பூனையும் பிழைத்துக்கொண்டது.

அவரும் விடாமல் ‘ம்’ கொட்டினார்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக வேறொன்று காதில் விழ ஆரம்பித்தது. நிஜமான வரியை மனசுக்குள் படித்துவிட்டு, பொய் வரியைத் தேடும் அந்த இடைவெளி. அதில் அவள் மூச்சு தடுமாறும். சில நாள் அந்த இடைவெளியில் அறைக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நிற்பது போலிருக்கும்.

“அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரே ஒரு நிபந்தனைம்மா. புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைப் படி. சாகிறவன் சாகட்டும்.”

கீழே தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் மாமா, ஒரு பொணம் விழலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராதா?”

“வராது. லாரிக்காரன் புத்தி.”

அவளுடைய அண்ணன் காலையில் மறுபடி அவருக்குப் போன் செய்திருந்தான். தங்கைக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். வேறு ஊர். முடிந்தால் வேறு வாழ்க்கை. ‘நீங்க சொன்னாத்தான் கேப்பா’ என்றான்.

நேராகச் சொன்னால் பேச்சை மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் கிழவர் குறுக்கு வழி போட்டு வைத்திருந்தார். அவள் வாயால் ஒரே ஓர் ஆளைச் சாகடித்துவிட்டால் போதும். அழட்டும். அழுது முடித்தால் இந்த வீட்டுப் படியை இறங்கிவிடுவாள்.

“புது அடுக்குல மேல இருக்கிறதை எடு. இப்பவே ஆரம்பிப்போம்.”

அது அவர் படித்திராத நாவல். கண் போன பிறகு வந்தது. அவள் பக்கங்களைத் தள்ளுவது கேட்டது. ஓரிடத்தில் நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“‘கதவை உடைத்துத் திறந்தார்கள். இளைஞன் தரையில் கிடந்தான். இன்ஸ்பெக்டர் குனிந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். இறந்துவிட்டான் என்றார்.’”

இடைவெளி இல்லை. தடுமாற்றம் இல்லை. பஸ் அட்டவணை வாசிப்பது போல வாசித்துவிட்டாள்.

“போதுமா மாமா?”

மகன் வேலை பார்த்த கப்பல் போன வருஷ டிசம்பரில் நடுக்கடலில் பேச்சை நிறுத்தியது. அதன்பின் ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. கம்பெனிக்காரர்கள் காணவில்லை என்றார்கள். உறவுக்காரர்கள் வாசலோடு கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வார்த்தை இந்த வீட்டுக்குள் சத்தமாக ஒலித்தது இன்றுதான்.

அவர் ‘ம்’ கொட்டவில்லை.

நாற்காலியின் கையைப் பிடித்தார். விட்டார். காற்றில் துழாவிப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, விரித்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

“இல்லம்மா. நடுவுல ஏதோ விட்டுப்போச்சு.”

“மாமா...”

“பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கும். புதுப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். மெதுவா பிரிச்சுப் பாரும்மா.”



பிறகு, ஒற்றைத் தாளின் ஓரத்தை நகம் கீறும் சத்தம் வந்தது.

“ஆமா மாமா,” என்றாள். “ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.”