எரிமலைக்குப் போனவர்கள்

"எரிமலை எங்கண்ணா? டால்பின் எங்க?"

ஹெச்.ஆர். அனுப்ரியா, ஆனந்தராஜின் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று வருடம் ஒரு நாள்கூட லீவு போடாததற்கு ஓசூர் கம்பெனி அவனுக்குக் கொடுத்த பரிசு அந்தமான் டூர். மனைவியோடு போய், கப்பலில் எரிமலைத் தீவைச் சுற்றி, டால்பின் பார்த்து வரவேண்டும். பார்த்ததற்குச் சாட்சியாகப் போட்டோவும் தரவேண்டும்.

"போட்டோ இல்லேன்னா அடுத்த வருஷம் டூர் கிடையாது. எல்லாருக்கும் குக்கர்தான்."

போன் முழுக்க அவன் மனைவி சுமலதாதான். அவன் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள். நாற்பத்தோரு போட்டோ!

ஏ ஷிஃப்ட் முடித்த அலுப்பில் ஆனந்தராஜுக்கு நிற்கவே முடியவில்லை.

"டால்பின் அந்தப் பக்கம் வந்துச்சுங்க மேடம். நான் எந்திரிச்சா அவ முழிச்சுக்குவா. பாப்பாவ பாத்துக்க ஆளில்லாம அஞ்சு வருஷமா அவ ஒரு ஷிஃப்ட், நான் ஒரு ஷிஃப்ட். அவ கண்ணசந்தா நான் பாத்துக்கணும், நான் அசந்தா அவ. ஒரு மணி நேரம் சேந்தாப்புல அவ தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

அனுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் பி ஷிஃப்டுக்குச் சுமலதா வந்துவிட்டாள். வழக்கம்போல மகள் காவியாவின் கையையும் பைக் சாவியையும் கணவனிடம் ஒப்படைத்தாள்.

"அக்கா, நீங்களாவது எரிமலைய எடுத்தீங்களா?"

சுமலதா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். அதிலும் எரிமலை இல்லை. அவள் மடியில் தலைவைத்துத் தூங்கும் ஆனந்தராஜ்தான் இருந்தான்.

"போறப்ப நான் தூங்கினேன். வர்றப்ப அவரு முறைங்க மேடம்."

அனுப்ரியா சிரித்துவிட்டாள். "சரி, பாப்பா எங்க? ஒரு போட்டோல கூடக் காணோமே?"

"பாப்பா வரலீங்களே. ராயக்கோட்டையில எங்கம்மா தக்காளி மண்டி வேலைக்கு நாலு நாள் போகாம இருந்து பாத்துக்கிச்சு."

"அப்போ யாரைப் பாத்துக்கறதுக்கு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழிச்சிருந்தீங்க?"

ஆனந்தராஜ் சுமலதாவைப் பார்த்தான். சுமலதா ஆனந்தராஜைப் பார்த்தாள்.

அந்த நாலு நாளும், ஓட்டல் அறையில்கூட, ஒருவர் மாற்றி ஒருவர்தான் தூங்கினோம் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.