சத்துமாவு உருண்டை

சேத்தியாத்தோப்பு போகும் சாலையோரத்து அங்கன்வாடிக்குள் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. குழந்தைகளின் வளர்ச்சியை ஆய்வு செய்ய வந்திருக்கும் அதிகாரி சத்யப்பிரியா, எடை மெஷினில் நிற்கும் இரண்டு வயதுப் பெண்குழந்தையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "வயசுக்கேத்த எடை இல்லியேம்மா. இங்க குடுக்குற சத்துமாவ புள்ளைக்கு ஊட்டுறீங்களா, மாட்டுக்குப் போடுறீங்களா?" குழந்தையின் தாய் ஜான்சி, எடை பார்க்கக் கழற்றிய கொலுசை இடுப்பில் செருகிக்கொண்டு, இப்போதுதான் அங்கே வாங்கிய சத்துமாவு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாள். மாவைக் கிண்ணத்தில் கொட்டி, ஆயா வைத்திருந்த வெந்நீரை ஊற்றிப் பிசைகிறாள். மக்கிய வாடை அறையெங்கும் எழுகிறது. ஆயா தலையைக் குனிந்துகொள்கிறார். பிடித்த உருண்டையின் மேல் ஒரு வண்டு மெல்ல ஏறி வருகிறது.

"மாட்டுக்கும் வெச்சுப் பாத்தேன் மேடம். மோந்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. இவதான் துன்றா. நீங்க ஒரு வாய் சாப்புடுங்க, அப்பறம் எழுதுங்க."

சத்யப்பிரியாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றுவிடுகிறது. ஜான்சியின் நீட்டிய கை இறங்கவில்லை. உருண்டையைக் கண்டதும் மெஷின் மேல் நிற்கும் குழந்தை பழக்கத்தில் வாயைத் திறக்கிறது.

"ஒனக்கில்லடி," என்கிறாள் ஜான்சி, கையை இன்னும் முன்னால் நீட்டி. "மேடத்துக்கு."