ஒரே ஆணியில் இரண்டு அட்டைகள்

மருந்துத் தொழிற்சாலையின் கண்ணாடிக் கதவில் சிவப்பு விளக்கு எரிகிறது. வெளியே நிற்கிற மனைவி பகல் ஷிப்டுக்கு வந்தவள். உள்ளே நிற்கிற கணவன் இரவு ஷிப்ட் முடித்தவன். நேற்று மாலை அவள் வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டிய அடையாள அட்டையை, தன்னுடையது என்று நினைத்து அவன் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். இப்போது அவள் கழுத்து அட்டையை நீட்டினால், காவலரின் திரையில் மீசையோடு கணவன் முறைக்கிறான்.

"ராத்திரி பூரா நீங்க உள்ள இருந்ததா காட்டுதும்மா. தீப்பிடிச்சிருந்தா யாரைன்னு தேடுறது?" காவலர் சிடுசிடுக்கிறார். "சரி பண்றவரைக்கும் ரெண்டு பேரும் அங்கங்கயே நில்லுங்க. பிள்ளை யாருகிட்ட இருக்கு?"

"நாத்தனார் பாத்துக்குறாங்க சார்."

பக்கத்துக் கதவில் மற்றவர்கள் பீப், பீப் என்று கடக்கிறார்கள். தினமும் அந்த நெரிசலில் ஒரு தலையாட்டலோடு விலகிப்போகிற கணவனும் மனைவியும் இன்று எதிரெதிரே நிற்கிறார்கள். கண்ணாடி தடிமன், குரல் போகாது. அவள் கீழுதட்டை விரலால் இழுத்து, ஈறைத் தொட்டுக் காட்டுகிறாள். அவனுக்குப் புரியவில்லை. குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கைகளை ஆட்டிவிட்டு, மறுபடி ஈறைத் தொட்டு, அரிசி அளவுக்கு விரல்நுனிகளைக் குவிக்கிறாள். சட்டென்று அவன் முகம் மலர்கிறது. எங்கே, எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்று தன் வாயைத் திறந்து காட்டிக் கேட்கிறான். அவன் மூச்சில் கண்ணாடி மங்குகிறது.

காவலரின் திரையில் பதிவு எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது. கதவைத் திறக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி அவர் வேறெங்கோ பார்க்கிறார்.

"சிஸ்டம் இன்னும் சுத்துதும்மா. கொஞ்சம் பொறுங்க."