வெளி வளையத்து மணி

மருமகளின் டிபன் டப்பாவில் சாப்பாடு இல்லை. இருபது நீல மணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த பசை ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் டப்பாவைச் சத்தமில்லாமல் மூடினாள். நேரே மேஜைக்குப் போய், அடுக்கி வைத்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நடுவில் சிவப்புப் பந்து, அதைச் சுற்றி மூன்று கம்பி வளையம், எல்லாம் இருந்தது. வெளி வளையத்தில் எதிரும் புதிருமாக அவள் ஒட்டச் சொன்ன இரண்டு மணிகளில் மட்டும் ஒன்றைக் காணோம். அடுத்த பலகையிலும் அப்படியே. இருபதிலும் அப்படியே!

பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் மாதிரிகள் செய்து கொடுக்கும் பட்டறை அது. இந்தத் தடவை சோடியம் அணு, இருபது பலகை. ஆர்டர் கொடுத்த டீச்சரே நேரில் வந்து சரிபார்த்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

"ஒரு தப்பு இருந்தாலும் மொத்தமும் திரும்பி வந்துடும். அப்படி வந்தா, முதல் பலகையைச் செஞ்சவங்க மறுநாள்லேருந்து வர வேணாம்" என்று ஓனரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

முதல் பலகையைச் செய்தவள் மாமியார்தான். பெயர்ச்சீட்டு உரிந்து அலமாரியில் கிடந்த பழைய பலகை ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அப்படியே செய்திருந்தாள். மற்ற பத்தொன்பதும் அதைப் பார்த்துச் செய்தவை. பதினெட்டு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

அன்று காலை மருமகள் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப் போனது இப்போதுதான் மாமியாருக்கு உறைத்தது. 'பசிக்கலை அத்தை, சாப்பாடு வேணாம்' என்றவள், காலி டப்பாவை மட்டும் எதற்குத் தூக்கிக்கொண்டு போனாள்? முந்தின நாள் ஏதோ சொல்ல வந்தவளை, 'எனக்கே பாடம் எடுக்கறியா?' என்று எல்லோர் முன்னாலும் அதட்டியிருந்தாள். அதற்குத்தான் பழிவாங்குகிறாளோ?

அடிப்பாவி! வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகவில்லை, அதற்குள் என் இடத்துக்கே உலை வைக்கிறாளே!

"ஏய், இங்க வா. இது என்ன?"

மருமகள் டப்பாவைப் பார்த்தாள், ஓனரம்மாவின் அறைக் கதவைப் பார்த்தாள். திருதிருவென்று முழித்தாள். "மெதுவாப் பேசுங்க அத்தை. அப்புறம் சொல்றேன்."

"அப்புறம் என்னத்தைச் சொல்லப் போறே? பத்தாவது பாஸ் பண்ணிட்டோம்கிற திமிரு! என்னை வெளியே அனுப்பிட்டு என் நாற்காலியில நீ உக்காரலாம்னு பாக்கறே, அதானே?"

சத்தம் கேட்டு ஓனரம்மா வந்துவிட்டாள். மாமியார் டப்பாவை அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே கேளுங்கம்மா. இருபது பலகையிலயும் மணியைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சிருக்கா. என் பிள்ளையைக் கட்டினவன்னுகூட நான் பாக்க மாட்டேன்."

"நீயா பிடுங்கினே?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

மருமகள் தரையைப் பார்த்தாள். "பிடுங்கினது நான்தாம்மா. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றாள்.

"டீச்சர் ஒரு குறை சொல்லட்டும், அப்ப இருக்கு உனக்கு" என்று ஓனரம்மா பல்லைக் கடிக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

மறுபடி ஒட்ட நேரமில்லை. பசை காயவே அரை மணி ஆகும்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணினாள். வெளி வளையத்துக்கு வந்ததும் பேனா ஒரு கணம் நின்றது. மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டீச்சர் அடுத்த பலகையை எடுத்தாள்.

இருபதையும் பார்த்து முடித்துவிட்டு, "சரி, வண்டியில ஏத்திடுங்க" என்றாள். அவ்வளவுதான்! ஓனரம்மா முகமெல்லாம் பல்லாக அவளோடு வாசலுக்குப் போனாள்.

மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அந்தம்மா ஏதோ ஞாபகத்துல எண்ணிட்டுப் போயிட்டாங்க, நான் பொழைச்சேன். என் சோத்துல மண்ணை அள்ளிப் போடப் பார்த்தியேடி! உன்னை இங்க கூட்டிட்டு வந்து சேத்துவிட்டவளே நான்தானே? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?" கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மருமகள் வாசலை எட்டிப் பார்த்தாள். ஓனரம்மா கார் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் மாமியாரின் காதருகே குனிந்தாள்.

"நீங்க பாத்துச் செஞ்ச பழைய பலகை மக்னீசியம், அத்தை. சோடியத்துக்கு வெளி வளையத்துல ஒண்ணுதான்... ஓனரம்மா முன்னாடி அதை எப்படிச் சொல்லுவேன்?"