ஐந்து மஞ்சள் புள்ளிகள்

சூல்ஃப்ரிட் வயலின் வாசிக்கிறாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி டோர்கெய்ர் வரைகிறான். ஒவ்வொரு ஒலியும் தன் கண்ணுக்கு ஒரு நிறமாகத் தெரியும் என்று சொல்லித் திரிகிறவன். நகர இசையரங்கின் பெரிய சுவரை ஓவியம் தீட்ட இவனிடம் கொடுக்கலாமா என்று பார்த்துவர அரங்கின் குழு என்னை அனுப்பியிருக்கிறது. எனக்கோ இவன் பேச்சில் துளி நம்பிக்கையும் இல்லை. பெர்கன் நகரத்து மழை கூரைச் சன்னலில் வழிகிறது. சாம்பல் வெளிச்சத்தில் வர்ணத்தட்டு சரியாகத் தெரியவில்லை. அதிலிருக்கும் நீலத்தை, அவள் வில்லைத் தொடும் முன்பே குழைத்து வைத்திருந்தானோ? கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டது நல்லதாயிற்று. கம்பளிக் காலுறையோடு பூனைபோல ஓர் அடி வைக்கிறேன், நிற்கிறேன், இன்னோர் அடி. வயலின் உச்சத்தில் விம்முகிறது. ஐந்தாவது அடியில் அவன் தோளுக்குப் பின்னால் இருக்கிறேன். ஓவியத் திரையில் நீல அலைகள். அவற்றுக்குக் கீழே, கொஞ்சமும் ஒட்டாமல், கலங்கிய மஞ்சளில் புள்ளிகள். ஒன்றைவிட ஒன்று பெரிதாக. மாட்டிக்கொண்டான்!

"வயலின்ல இந்த மஞ்சள் எங்கேயிருந்து வந்துச்சாம்?"

சூல்ஃப்ரிட் வில்லை எடுத்துவிடுகிறாள். அவன் திரும்பவேயில்லை.

"வயலின் இல்லீங்க. பழைய பலகைத் தரை. பூனை நடந்தாக்கூட மஞ்சளா முனகும்."

எண்ணுகிறேன். சரியாக ஐந்து. சூல்ஃப்ரிட் சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னலைப் பார்க்கிறாள். பின்வாங்கலாம் என்று காலைத் தூக்குகிறேன். அவன் தூரிகையை மஞ்சளில் தோய்த்துக் காத்திருக்கிறான். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.