ரோமில் ஒரு பகல்

"நீரூற்றைப் பாத்துட்டு அடுத்து எங்க போவ?" என்று புஷ்பலதா விமான நிலைய அதிகாரி போலக் குரலை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

எதிரே தரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் மூர்த்தி கண்ணை மூடி யோசித்தான்.

யோசிக்கவே கூடாது. அவள் பயமெல்லாம் அதில்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சுற்றுலா என்று சொல்லிக் கிளம்பினான். போகிற ஊரில் என்ன பார்க்கப் போகிறாய் என்று விமான நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். கோயில் என்று சொல்லிவிட்டு மேலே வார்த்தை வராமல் விழித்திருக்கிறான். வரிசையிலிருந்து தனியே அழைத்துப் போனார்கள். அவனுடைய பெட்டி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அவன் பட்டாளத்துப் பயிற்சியில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

மூர்த்திக்கும் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற வயதுதான். சுற்றுலா விசா வந்துவிட்டது. போக வர டிக்கெட்டும் தயார். திரும்பி வரும் டிக்கெட் வீணாகப் போகும் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

புஷ்பலதாவுக்கு விமான டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் கடையில் வேலை. ரங்கூனை விட்டு வெளியே போனதில்லை. ஆனால் கொஞ்ச நாளாகத் தூக்கத்தில்கூட ரோமின் தெருக்களில் நடந்துகொண்டிருந்தாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

மூர்த்தி சத்தமில்லாமல் எழுந்து சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டான். தரையில் விரித்திருந்த ரோம் வரைபடத்தை அவள் சுருட்டுவதற்குள், தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு அய்யாசாமி உள்ளே வந்தார்.

பேட்டை அலுவலகத்தில் வேலை செய்பவர். பட்டாளத்துக்குப் பெயர் குறிக்க வருகிறவர்களுக்கு வீடு காட்டுகிறவர் அவர்தான். தமிழர் என்றாலும் தாமுவே பேட்டை முழுக்க அவரைப் பர்மிய வழக்கப்படி 'ஊலே' என்றுதான் கூப்பிடும். மாமா என்று அர்த்தம். அந்த மாமாவின் தலை தெருமுனையில் தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

"யாரும்மா ரோமுக்குப் போறது?"

"கடைக்கு வந்த ஒருத்தருக்கு, ஊலே. ஒரே பகல்ல ஊரைப் பாக்கணுமாம். திட்டம் போட்டுக் குடுக்கச் சொன்னாரு."

அவர் போகவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு, கேப்போம். காலைல எங்க?"

கொலோசியம் என்றாள். எப்படிப் போவது என்று கேட்டார். மெட்ரோ என்றாள். எந்த லைன் என்று கேட்டார். பி லைன் என்றாள். அதன் பிறகு பாந்தியன் என்கிற பழைய கோயில். மதியம் நீரூற்று. அங்கே வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு போட வேண்டும்.

"எதுக்குப் போடறது?"

"போட்டா மறுபடியும் அந்த ஊருக்கே திரும்பி வரலாமாம்."

சொல்லிவிட்டு அவள் வரைபடத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினாள். அய்யாசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, எதையோ அழுத்தி, வரைபடத்தின் மேல் வைத்தார். திரையில் சிவப்புப் புள்ளி மின்னியது.

"முதல்லேருந்து சொல்லு. மெதுவா."

பதிவு செய்கிறார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். சொன்னால் அவள் குரலே சாட்சி. திரைக்குப் பின்னால் மூர்த்தி மூச்சு விடுகிற சத்தம் தன் காதுக்குக் கேட்பதாகவும், அவர் காதுக்கும் கேட்டிருக்கும் என்றும் அவளுக்குத் தோன்றியது.

கொலோசியத்திலிருந்து தொடங்கி, மாலையில் வத்திக்கான் வரை சொல்லி முடித்தாள். புடவைத் தலைப்பு கைக்குள் நனைந்து கசங்கியிருந்தது.

"இது மனப்பாடமாக எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வாரம் ஆகும், ஊலே."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர் பார்க்கப் போகிறவன் எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும்?

அய்யாசாமி திரைப் பக்கம் பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டார்.

"அவ்வளவு நாள் இல்லியேம்மா. எங்க வீட்டுப் பயலுக்கு வியாழக்கிழமை காலைல ரோமுக்கு பிளைட்டு."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது நிம்மதி வந்தது. அழுகைகூட வரும்போல இருந்தது. ஆனால் அது ஒரு நொடிதான்.

வியாழக்கிழமை காலை. அன்று ரோமுக்குப் போகிற விமானம் அது ஒன்றுதான்; மூர்த்தியும் அதில்தான்.

ஒரே வரிசையில் இரண்டு இளைஞர்கள். அதே மெட்ரோ, அதே நீரூற்று, அதே வலது கை. முதலாமவனை விட்டுவிட்டாலும், இரண்டாமவன் வாயைத் திறந்ததும் இருவரையும் பிடித்துவிடுவார்கள்.

"ஊலே, அதை அழிச்சிடுங்க."

அவர் முகம் வெளுத்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. சத்தியமா."

"அதுக்கில்ல. அதே பிளைட்டுல எங்க வீட்டு ஆளும் போறாரு. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லக் கூடாது. உங்க பிள்ளைக்கு நான் வேற ரோம் சொல்லித் தாரேன்."

அவர் கைபேசியை எடுத்தார். அவசரத்தில் விரல் அழிக்க வேண்டிய இடத்தில் படவே இல்லை. புஷ்பலதாவே வாங்கி அழித்துவிட்டு, மறுபடியும் சிவப்புப் புள்ளியை ஒளிரவிட்டாள்.

மூர்த்தி திரையை விலக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அய்யாசாமி அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டார்.

"காலைல முதல்ல வத்திக்கான்," என்று அவள் ஆரம்பித்தாள்.